முழங்காலில் ஒட்டிய சிவப்பு அம்பு

என் தங்கமே சாந்தாமணி, அம்மா எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகள் சேதி. உன் அண்ணன் மகன் சரவணன் இன்ஜினியரிங் முடித்துவிட்டான். பெங்களூரில் வேலை, கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டே ஊருக்கு வருகிறான். அவன் தங்கச்சி பிரியா நர்சிங் இரண்டாம் வருசம். பிரஷர் பார்க்கிறேன் என்று என் கையை நசுக்கி எடுக்கிறாள். உன் தங்கச்சி மகன் பள்ளிக்கூட ஓட்டத்தில் கப்பு வாங்கினான். சின்னக் கப்புதான், அதில் இப்போது அவர்கள் வீட்டுச் சாவி கிடக்கிறது.

பெரிய சேதியைக் கடைசிக்கு வைத்தேன். உன் மகள் கௌசல்யா பிளஸ் டூ பாஸ். ஆயிரத்து இருநூறுக்கு எண்ணூற்றுப் பதினாலு.

உன் நினைவு நாளுக்கு நம்ம ஊர் வாரப் பத்திரிகையில் வருசா வருசம் உன் அண்ணன்தான் நாலு வரி போடுவான். இந்த முறை நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அஞ்சாவது படித்த கை, நாலு வரியில் நிற்காது போலிருக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, கண்ணு. உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

உனக்கு வந்த அதே வியாதிதான் கௌசல்யாவுக்கும். உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போகிற வியாதி. நடை தள்ளாடும், கை நடுங்கும், பேச்சு குழறும். லட்சத்தில் ஒருத்தருக்கு வருவதாம். நம் வீட்டுக்கு இரண்டு முறை வந்துவிட்டது. உனக்கு இருபத்தாறு வயதில் ஆரம்பித்தது. அவளுக்குப் பதினாலிலேயே.

பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு டீச்சரை விட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வேலை பல்லடத்தில். முதல் நாள் இவள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. "மெதுவாச் சொல்லுளா, ஒண்ணும் வெளங்கலையே" என்றாராம். "டீச்சர், நான் கொழறுனாலும் இது எங்கூர்ப் பேச்சுங்க. நீங்க கொழறாமப் பேசறீங்க, அப்பவும் எனக்கு வெளங்கலீங்க" என்று இவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் எல்லாம் சரியாகப் போயிருக்கிறது. ரிசல்ட் அன்று அந்த டீச்சரே பல்லடத்திலிருந்து பஸ் பிடித்து, ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, "என் கையெழுத்துல்லா பாஸ் ஆயிருக்கு!" என்று ஒரே சத்தம். நம் வீதியே கூடிவிட்டது. அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சந்தோசம் மூன்று நாள்தான் இருந்தது. காலேஜ் அப்ளிகேஷன் பாரத்துக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்று உன் டிரங்குப் பெட்டியை அவளே திறந்தாள். சான்றிதழ் இருந்த கவருக்குள்தான் கோயமுத்தூர் டாக்டர் உன் வியாதியின் பேரும், அது பிள்ளைக்கும் வரலாம் என்பதும் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் வைத்திருந்தேன். எல்லாம் இங்கிலீசு. முக்கியமான காகிதங்கள் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நான்தான் வைத்தேன். தனக்கு வெறும் நரம்புத் தளர்ச்சி என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி வைத்த பொய். எனக்குப் படிக்கத் தெரியாததை அவள் படித்துவிட்டாள்.

"அம்மாயி, அம்மா எத்தன வயசுல நடக்க முடியாமப் போனாங்க?"

"முப்பத்தஞ்சு இருக்கும் கண்ணு."

"பொய் சொல்றப்ப நீங்க முந்தானைய இழுத்து விட்டுக்குவீங்க. இப்பவும் இழுக்கறீங்க."

முப்பத்தொன்று என்று சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். "அம்மாவ விட எனக்குப் பன்னண்டு வருசம் முன்னாலயே வந்துருச்சுங்க. காலேஜ் முடிக்கறப்ப என்னத் தூக்கிட்டுத்தான் வரோணும். யாரு தூக்குவா? நீங்களா?" என்று கேட்டுவிட்டு, பாரத்தை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். நாலு நாள் அதைத் தொடவில்லை. திங்கட்கிழமை கடைசித் தேதி.

என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. தண்ணீர் குடிக்கும்போதே அவளுக்குப் புரை ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும், தண்ணீர்கூட இறங்காத உன் கடைசி மாதம் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. அவள் அப்பாவுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது. எனக்கப்புறம் யார், சாந்தாமணி? நீ இருக்கிற இடத்தில் கேட்கிறவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, போனால் போகட்டும் என்று நான் செய்த பாவத்தை அவளிடம் சொன்னேன். இத்தனை வருசம் உன்னிடம்கூட மன்னிப்புக் கேட்காத பாவம்.

பனியன் கம்பெனியில் உன் ஓவர்லாக் தையல் வளைந்து வளைந்து போன காலம். "கண்ண எங்க வெச்சுட்டுத் தைக்கற?" என்று திட்டினேன். ஒருநாள் நீ ரோட்டில் தள்ளாடி வந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி ஒன்று சொன்னாள். வாசலிலேயே உன்னை நிறுத்தி, "ஊது" என்றேன். பெற்ற மகளை, குடித்திருக்கிறாயா என்று ஊதச் சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதினாய். காலையில் குடித்த காப்பி வாசம்தான் வந்தது.

"அம்மா நெசமாலுமே ஊதுனாங்ளா?" என்றாள் கௌசல்யா. "ஊதுச்சு கண்ணு." அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். நானும்.

மீதியையும் சொன்னேன். தைக்க முடியாமல் போனதும் உன்னைச் செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். துணியில் ஓட்டை, கறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஒரு கல்யாண வீட்டில் நம் சொந்தக்காரரே உன்னைப் பார்த்து, "இது செகண்ட்ஸ் பீஸ் ஆயிப்போச்சு" என்றார். கழித்துப் போட்ட பனியனைச் சொல்கிற வார்த்தை. வீட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்டிக்கரை உரித்து உன் முழங்காலில் ஒட்டினாய்.

"ஏனுங்ம்மா, இத எதுக்கு ஒட்டறோம்னு தெரியுமா?"

"தெரியாதாக்கும். கழிச்சுக் கட்டறதுக்கு."

"இல்லீங்ம்மா. கழிக்கறதுன்னா ஒட்டாமயே மூலைல வீசிருவாங்க. இந்த எடத்துல மட்டுந்தான் டேமேஜ், மத்ததெல்லாம் நல்லாருக்குது, இத மட்டும் பாருங்கன்னு காட்டறதுக்குத்தான் அம்பு."

அந்த ஸ்டிக்கர் பட்டையில் பாதி இன்னும் உன் பெட்டியில் கிடந்தது. கௌசல்யா கையை நீட்டினாள், கொடுத்தேன். அவள் விரலுக்கு ஒன்றை உரிக்க எவ்வளவோ நேரம் ஆனது. உதவிக்குப் போகாமல் என் கையை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பசை காய்ந்துவிட்டிருந்தது. சோற்றுப் பருக்கை வைத்துத் தன் முழங்காலில் ஒட்டிக்கொண்டாள்.

"ஒரு வருசம் போறேனுங்க. ரெண்டாவது வருசத்தப் பத்தி இப்பப் பேசக்கூடாது."

"பேசல சாமி."

பாரத்துக்குப் புதுப் படம் வேண்டுமே. சாயங்காலமே ஸ்டுடியோவுக்குப் போனோம். "தலைய ஆட்டாம இரும்மா" என்று அந்தத் தம்பி நாலு முறை சொன்னான். "அண்ணா, ஆடலைன்னா அது நானில்லீங்க. அப்படியே எடுங்க" என்றாள். எடுத்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கொஞ்சம் கலங்கலாக, உன் சிரிப்போடு வந்திருக்கிறாள். முழங்கால் அம்பு படத்தில் தெரியாது, அது நம் மூவருக்குமானது. திங்கட்கிழமை பாரத்தைக் கொடுத்தோம். வகுப்பு மாடியில்தான், கீழே மாற்ற முடியுமா என்று பேசிப் பார்க்கிறோம் என்கிறார்கள். இடம் கிடைக்குமா, தெரியாது.

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேண்டுதல். வருசா வருசம் போடுகிற என் மகளின் பழைய படம் இந்த முறை வேண்டாம். இத்துடன் வைத்திருக்கிற என் பேத்தியின் புதுப் படத்தைப் போடுங்கள். ஆனால் சாமி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அதற்குக் கீழே தவறிக்கூட நினைவஞ்சலி என்று போட்டுவிடாதீர்கள். பிளஸ் டூ பாஸ் என்று போடுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.

கண்ணு, இனி யாரையும் ஊதச் சொல்ல மாட்டேன். என் காலில் ஒரு அடி மிச்சமிருக்கிற வரைக்கும் காலேஜ் வாசல்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். அதற்கு மேல் நீ பிடித்துக்கொள்.

உன்னைப் பெற்றவள், உன் மகளுக்கு அம்மாயி,
ராமாத்தாள்,
பெருமாநல்லூர்.