கண்ணாடி இழையில் வந்த கபடி

ஜூன் 9
இன்றும் இரண்டு வீட்டில் கேபிளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். "எல்லாம் போன்லயே பாத்துக்கிறோம்க்கா."

திருமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடிதான் கன்ட்ரோல் ரூம். கல்யாணமானதிலிருந்து நானும் ஜூடுவும் சேர்ந்து நடத்துகிற உள்ளூர் சேனல். மூடிவிடலாமா என்கிறார். எதற்கு மூட வேண்டும்? கண்ணாடி இழை பைபர் இழுத்தால் ஒரே கம்பியில் டிவியும் நெட்டும் கொடுக்கலாமே!

"யாரு இழுக்கிறது?" என்றார்.

"நாந்தான்."

எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஜூன் 23
மதுரையில் பயிற்சி. தலைமுடி மாதிரி இரண்டு கண்ணாடி இழைகள். மெஷினுக்குள் நுனியோடு நுனி வைத்து மூடினால் ஒரு பொறி — ஒன்றாகிவிடுகின்றன. முதல் ஒட்டு சரியாக வந்ததும் கைதட்டிவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 5
பழைய கறுப்புக் கேபிளை இறக்கிவிட்டு பைபர் ஏற்றுகிறோம். இன்று முத்துத்தாய் அக்கா வீடு. இடுப்பில் ஆபரேஷன், படுக்கைதான். மகள் ஆர்த்திகா பெண்கள் கபடி அணிக்குக் கேப்டன்.

"ஞாயித்துக்கெழம பைனலு. எம்மக ஆடி நான் பாத்ததே இல்ல தாயி. களையெடுக்கப் போயிருவேன். இப்பச் சும்மா கெடந்தும் போக முடியல."

"நாங்க லைவ் போடுறோம்க்கா" — வாயில் வந்துவிட்டது. ஜூடு பார்த்த பார்வை!

லைவ் வேனுக்கு எங்கே போவது? மைதானம் வரை பைபர், கேமராவுக்கு ஸ்டாண்டில் என் போன். போதாதா?

ஆகஸ்ட் 10
இன்று பைனல். ஆட்டம் தொடங்கும்போது வைக்கோல் லாரி ஒன்று கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. டிவியில் இருட்டு. மாதாவே, அக்கா பாத்துக்கிட்டே இருப்பாங்களே!

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரே காற்று, புழுதி. ஜூடு சட்டையைக் கழற்றி விரித்து மறைத்துக்கொண்டார் — நடுரோட்டில், பனியனோடு! முதல் ஒட்டு சரியில்லை. அழுகை வந்துவிட்டது.

"பதறாத ஜெஸி. இன்னொரு தடவ வை."

வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் பாதி முழுக்கத் தெரிந்தது. கடைசி ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு ஆர்த்திகா பாய்ந்து நடுக்கோட்டைத் தொட்டாள். ஜெயித்தாகிவிட்டது! வீடுகளுக்குள்ளிருந்து தெருவே கத்தியது.

அக்கா போன் செய்தார். "பாத்துட்டேன் தாயி! எம்புட்டு வேகம்! ஒரு சொம்புத் தண்ணி கொண்டாடின்னா அசைய மாட்டா, எங்க வச்சிருந்தா இம்புட்டையும்?" அழுதுகொண்டே சிரித்தார். நானும்.

ஆகஸ்ட் 11
காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லோருக்கும் பைபர் வேண்டுமாம். சோறு ஆறியே போய்விட்டது.

செப்டம்பர் 18
மதுரையைத் தாண்டிப் பரவையிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் இருவரால் முடியவில்லை. சேனலின் அடியில் ஒரு வரி ஓடவிடச் சொன்னேன். ஜூடுவே தட்டினார்: "பைபர் இழுக்க ஆட்கள் தேவை."

சாயங்காலம்தான் கவனித்தேன், என்னிடம் சொல்லாமல் இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறார். "பயிற்சி அளிப்பவர்: ஜெஸி."