மேல வெயில்

சிம்மக்கல், மதுரை
5.5.2024

அன்புள்ள சத்யாவுக்கு,

அல்லா கிருபையில நாங்க எல்லாரும் சுகம். உங்க லேப்ல போனை வாசல்லயே வாங்கி வச்சுக்கிறாங்கன்னு சொன்னே. அதுவும் நல்லதுக்குத்தான். இந்தப் படங்களைப் போன்ல பாத்தா வெளிச்சம் மாறிப்போகும். அதான் அச்சுப் போட்டே அனுப்புறேன்.

உசிலம்பட்டியில உங்க ஊருக் கண்மாய் காஞ்சு கெடக்கு. மேலக்கரையில மூங்கில் கம்பு நட்டு, அது உச்சியில கேமராவைக் கட்டி நாப்பது படம் எடுத்தேன். உங்க எந்திரம் நிலாவுல எறங்குறப்போ பள்ளத்தை மேடுன்னு நெனைச்சுக் கால் வச்சா கவுந்துரும்னு பயந்தியே. எந்திரத்தை ஏண்டி சொல்ற, நம்ம கண்ணே அப்படித்தான். வெளிச்சம் எப்பவும் உச்சியிலருந்துதான் வரும்னு அதுவா முடிவு பண்ணிக்கிடும். படத்துல அடியிலருந்து வெளிச்சம் விழுந்தாப் போச்சு, குழி மேடாத் தெரியும். இந்த ஒரு ஏமாத்தைத்தான் பத்து வருசமா இந்தக் காலேஜ்ல ஆராய்ச்சின்னு பண்ணிக்கிட்டு இருக்கேன்.

அம்புட்டுப் படமும் சாயங்காலம் எடுத்தது. ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் 'மேல வெயில்'னு என் கையாலயே எழுதியிருக்கேன்.

உங்க அம்மா வச்ச கருவாட்டுக் கொழம்பு சாப்பிட்டேன். "அவ எப்ப வாரா"ன்னு மூணு தடவை கேட்டாங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போடி.

உன்
இஷ்ரத்


பெங்களூர்
22.5.2024

அன்பு இஷ்ரத்,

படங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. நாற்பதையும் நானே கணினியில் ஏற்றி, வெளிச்சம் வரும் திசையையும் பதிந்துவிட்டேன். எந்திரத்தின் கேமரா மேடு பள்ளம் பிரித்துப் பழகப்போவது இவற்றை வைத்துத்தான்.

என் சமன்பாட்டுக்கு எப்போதும் இரண்டு விடைகள் வரும். ஒன்று மேடு, இன்னொன்று பள்ளம். திசை தெரிந்தால்தான் ஒன்றைத் தள்ள முடியும். உன் குறிப்பு இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் முழித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஒன்று சொல்லட்டுமா, எங்கள் கண்மாயில் இத்தனை மேடு இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

ஆகஸ்டில் நிலாவில் இறங்கும் வண்டியைக் கிரேனில் தொங்கவிட்டு, மேடு பள்ளம் வெட்டிய திடலில் இறக்கிப் பார்க்கப் போகிறோம். தீபாவளிக்கு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

உன்
சத்யா


பெங்களூர்
2.9.2024

அன்பு இஷ்ரத்,

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வண்டி பள்ளத்தில் கால் வைத்துக் கவிழ்ந்துவிட்டது. மேடு, கால் வைக்கலாம் என்று கேமரா சொன்ன இடம் அது. மூன்று வருட வேலை அரை நிமிடத்தில் போயிற்று.

விசாரணைக் குழுவுக்கு, களக் குறிப்பில் பிழை என்று எழுதிக் கொடுத்தேன். குறிப்பு யாருடையது என்று கேட்டார்கள். உன் பெயரையும் கல்லூரியையும் சொல்ல வேண்டியதாயிற்று. மனதில் வைத்துக்கொள்ளாதே. வெளியில் போய் வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் நேர்வதுதான்.

சத்யா


சிம்மக்கல்
15.9.2024

அன்புள்ள சத்யா,

உன் லெட்டரைப் பாத்ததும் நாப்பது படத்தோட நகலையும் எடுத்துப் போட்டு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தேன். அப்புறந்தான் வெளங்குச்சு.

ஏண்டி, மேலமாசி வீதி என்ன வானத்துலயா இருக்கு? மேல வெயில்னா மேக்க வெயில். மேலக்கரையில சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு எடுத்தேன். வெயில் படத்துக்கு அடிப்பக்கத்துலருந்து விழுது. நீ 'மேலேருந்து'ன்னு படிச்சு உச்சியிலருந்துன்னு ஏத்திட்டே. அதான் குழியெல்லாம் மேடாயிருச்சு. பத்து வருசமா வெளியூர்ல இருக்கே, மறந்திருப்பே. அதுல எனக்குக் கோவம் இல்ல.

ஆனா உங்க விசாரணைக் குழுவோட கடுதாசி வந்ததும் இங்க என் ஆராய்ச்சியை நிறுத்திட்டாங்க. கண்ணு ஏமாறுறதைப் படிக்கிறவளே ஏமாந்துட்டாளாம்னு ஸ்டாஃப் ரூம்ல சிரிக்கிறாங்க. டிசம்பரோட என் ஒப்பந்தம் முடியுது, நீட்டிக்க மாட்டோம்னு பிரின்சிபால் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. எனக்கு இந்த வேலையை விட்டா வேற ஒண்ணும் தெரியாது சத்யா. ஒரே ஒரு வரி எழுதிக் குடு. 'மேல என்றால் மேற்கு, தவறாக வாசித்தது நான்.' அது போதும்.

உன்
இஷ்ரத்


பெங்களூர்
20.11.2024

இஷ்ரத்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தீபாவளிக்கும் வர முடியவில்லை.

அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது. இப்போது அதைத் திறந்தால் அடுத்த திட்டத்தில் எனக்கு இடமிருக்காது. என் நிலைமையையும் நீ யோசிக்க வேண்டும். 'மேல' என்றால் மேற்கு என்று நான் கேள்விப்பட்டதே இல்லை, சத்தியமாக. எழுதியவள்தான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சத்யப்ரியா


சிம்மக்கல்
5.1.2025

சத்யப்ரியாவுக்கு,

முப்பத்தொண்ணாம் தேதியோட எனக்கு வேலை போச்சு. சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

நேத்து உங்க ஊருக்குப் போனேன், அந்த மூங்கில் கம்பை எடுத்துட்டு வரலாம்னு. உங்க அம்மாகிட்டப் படத்துல ஒண்ணைக் காட்டுனேன். எந்தப் பக்கம் வெளிச்சம்னு அவங்க கேக்கல. "நூறு நாள் வேலையில நாங்க வெட்டுன குழில்ல"ன்னாங்க. இப்பக் கண்மாய் நெறஞ்சு அந்தக் குழியெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கு.

கம்பு எங்கன்னு கேட்டேன். "மேலக்கரையில கெடக்கு தாயி. மேல வெயில் கண்ணுல அடிக்கும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டுப் போ"ன்னு சொன்னாங்க. நான் அண்ணாந்து பாக்கல. மேக்க நடந்தேன். கம்பு அங்கதான் கெடந்துச்சு.

திரும்பி வந்ததும் காப்பி போட்டுக் குடுத்தாங்க. பள்ளிக்கூடம் விட்டதும் நீ அந்த மேலக்கரையிலதான் ஆடு மேப்பியாம். இருட்டுறதுக்குள்ள வாடின்னு தெனமும் இங்கருந்தே சத்தம் போடுவாங்களாம். நீ செஞ்சது எதையும் நான் அவங்ககிட்டச் சொல்லல, சொல்லவும் மாட்டேன்.

உனக்கு எழுதுனா வரச் சொல்லி எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன். இதுக்கு மேல எழுத எனக்கு ஒண்ணும் இல்ல.

இஷ்ரத்