பஸ்லினாவின் பிழைகள்

பெப்ரவரி 11, செவ்வாய்

கண்டியில் ஏறிய பஸ்ஸில் கலஹா வரை நின்றுகொண்டே வந்தேன். பாடசாலைப் படியேறும்போதே பாதி உயிர் போய்விட்டது. நேற்றிலிருந்து ஜஹானா டீச்சர் பிரசவ லீவு. இரண்டாம் வகுப்புக்கு ஆள் இல்லை. வேறொரு ஆசிரியரைத் தருவதாக வலயக் கல்வி அலுவலகத்தில் சொன்னார்களாம். தருவார்கள், ஜஹானாவின் பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு.

எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகை மறைப்பு மட்டும். அந்தப் பக்கத்து இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதிபர் ஸெய்னுலாப்தீன் சேர் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், ஒங்கட வகுப்புல கெட்டிக்காரப் புள்ள ஒன்ட அனுப்புங்களே, அதுகளப் பார்த்துக்கொள்ள."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பஸ்லினாவை அனுப்பினேன். ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வருடம், எல்லாம் சரிதான். ஆனால் நான் இன்று நடத்திய பின்னம் அவளுக்குப் போன வருடமே தெரியும். வகுப்பில் இருந்தால் கேள்வி கேட்பாள். ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நிமிடம் போகும். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் வகுப்பு அடங்கிவிட்டது. எனக்கும் நிம்மதி.

பெப்ரவரி 13, வியாழன்

வலயத்திலிருந்து ஒரு படிவம். மீத்திறன் மாணவர்களை இனங்காண வேண்டுமாம். பெயர், வகுப்பு, பாடசாலை அவருக்கு வழங்கும் ஆதரவு. பெயர் எழுதுவதில் கஷ்டம் இல்லை. ஆதரவு என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது.

அதிபர் எட்டிப் பார்த்தார். "தலைமைத்துவப் பயிற்சி எண்டு போடுங்க டீச்சர். ரெண்டாம் வகுப்ப அவதானே பார்க்கிறா."

போட்டேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

பஸ்லினா இப்போது தினமும் பலகைக்கு அந்தப் பக்கம்தான். அங்கே பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, எங்கள் வகுப்பின் கணக்குத் தாள்களையும் திருத்தித் தருகிறாள். சிவப்புப் பேனையால் என்னைவிட அழகாகச் சரி போடுகிறாள். கண் மங்கிப்போன எனக்கு அது பெரிய உதவி.

இன்று தாள்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "டீச்சர், பூச்சியத்தால ஏன் வகுக்க ஏலாது?"

பிறகு சொல்கிறேன் என்றேன். போன கிழமையும் இதையே கேட்டாள், இதையே சொன்னேன். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

நோன்பு விடுமுறை முடிந்தது. பெருநாள் பலகாரம் தின்ற மயக்கம் பிள்ளைகளுக்கும் போகவில்லை, எனக்கும் போகவில்லை. முதலாவது மாதிரி வினாத்தாள் வைத்தேன். புள்ளிகளில் பஸ்லினா வகுப்பின் நடுவில் வந்து நிற்கிறாள். முதலாவதும் இல்லை, கடைசியும் இல்லை. விடுமுறையில் படிக்கவில்லையாக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டாவது தாளிலும் அப்படித்தான். அதிபர் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். "பாஸ் எண்டு கேற்றில கட்டுற பெனர்ல போட இந்த வருஷம் எனக்கு ஒரே ஒரு மொகந்தான் ஈக்கி டீச்சர்" என்றார், மிகவும் களைத்த குரலில்.

பாடசாலை விடும் நேரம் பஸ்லினாவின் உம்மா வந்தார், சித்தி றலியா என்று பெயர். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார். "கண்ணூறு பட்டுட்டு டீச்சர். ஊரெல்லாம் இவட பேரத்தான் சொல்ற. சின்ன வயசுல வகுப்புப் படிச்சிக் குடுக்கிற எண்டு கடையிலயும் கதைக்கிற. பள்ளி லெப்பைட்ட தண்ணி ஓதி வாங்கிக் குடுத்தேன். மூணு நாள் குடிச்சா. அதுக்குப் பொறகுதான் இந்த ரெண்டாவது பேப்பர்."

பார்ப்போம், கவலைப்படாதீர்கள் என்றேன். இந்த வருடத்தில் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்?

ஏப்ரல் 29, செவ்வாய்

மூன்றாவது தாள். இந்த முறை நானே திருத்தினேன், ஸ்டாஃப் ரூமில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.

403இலிருந்து 187ஐக் கழிக்க வேண்டும். பஸ்லினாவின் விடை 384. இந்த 384 எனக்குத் தெரிந்த ஆள். ருஷ்தியின் விடை. அவன் மேலே கீழே பார்க்க மாட்டான். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிட்டுப் போவான். இரண்டு வருடமாகச் சொல்லியும் திருந்தாத பிழை. ஆனால் அவன் ஜன்னல் பக்கம், இவள் கதவுப் பக்கம். பார்த்து எழுத வழியே இல்லை.

கீழே போனேன். கம்பை ஆறு துண்டாக்க எத்தனை முறை வெட்ட வேண்டும்? ஆறு என்று எழுதியிருக்கிறாள். அது ஹுதைபாவும் அவனோடு பின்வாங்கில் இருக்கும் எல்லோரும் எழுதும் விடை. அதற்குக் கீழே உள்ள பிழை ரிப்காவுடையது. ஒவ்வொன்றும் வகுப்பில் யாரோ ஒருவருடைய பிழை. அப்படியே எடுத்து வைத்திருக்கிறாள். இவள் திருத்திய தாள்கள்தானே எல்லாம், யார் எங்கே வழுக்குவார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிழைவிடுவதற்கே இவ்வளவு மூளை செலவழித்திருக்கிறாள். ஏன்?

மே 2, வெள்ளி

ஜும்ஆவுக்காக நேரத்தோடு விட்டார்கள். பஸ்லினாவை மட்டும் நிறுத்திவைத்தேன். தாளைக் காட்டி, ருஷ்தியைப் பார்த்தா எழுதினாய் என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். ருஷ்தி அப்பிடித்தான் போடுவான்."

"சரியான விடை தெரியுமா?"

"இருநூத்திப் பதினாறு."

"அப்ப ஏன் பிழையா எழுதின?"

மேசை விளிம்பில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"கெட்டிக்காரப் புள்ளகளத்தானே ரெண்டாம் வகுப்புக்கு அனுப்புற. கெட்டிக்காரி இல்லாட்டி எனக்கும் பாடம் நடக்குந்தானே டீச்சர்."

போ எண்டு மட்டும் சொன்னேன். பஸ்ல ஏறினதும் தெரியா, கண்டியில எறங்கினதும் தெரியா. பத்து வயசுப் புள்ள — எனக்கிட்ட பாடம் கேக்க இப்பிடியொரு வழி தேடியிருக்கு. எனக்கு ஏன் இது முன்னமே வெளங்கல்ல? வெளங்கினா ரெண்டாம் வகுப்ப நான்தானே பார்க்கணும். அதான் வெளங்கல்ல.

மே 3, சனி

உடுப்புக் கழுவினேன். வேறொன்றும் இல்லை.

மே 5, திங்கள்

அதிபரிடம் போய், பஸ்லினாவை இனி அனுப்பமாட்டேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "சந்தோஷமாத்தானே டீச்சர் போய் வந்தா?" பிறகு கதிரையில் சாய்ந்தார். அவரும் பாவம். ஆசிரியர் கேட்டு வலயத்துக்கு அலைந்து அவருடைய செருப்பும் தேய்ந்துவிட்டது.

"அப்ப ரெண்டாம் வகுப்ப யார் பார்க்கிற?"

"என்ட வகுப்புக்குள்ள கொண்டாந்து விடுங்க சேர்."

"ஒங்களுக்கு ஏலுமா?"

ஏலாது. ஏலும் என்றேன்.

மேல் வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் யுகேஷ் சேரிடமும் பேசினேன். இளம் பிள்ளை, வந்து இரண்டு வருடம்தான். என்னிடம் இருப்பதையெல்லாம் இவள் எப்போதோ எடுத்து முடித்துவிட்டாள், நீங்கள் ஏதாவது கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "புதன்கிழமை கடைசிப் பாடவேளை எனக்குச் சும்மாதான் டீச்சர். அனுப்பி வைங்க. ஆனா பரீட்சைப் பேப்பர் எல்லாம் செய்விக்க மாட்டேன்."

அதுதான் வேண்டும் என்றேன்.

மே 14, புதன்

தொண்டை போய்விட்டது. இரண்டாம் வகுப்பைப் பாயில் உட்காரவைத்து, ஐந்தாம் வகுப்பைக் கதிரையில் வைத்து, ஒரு பக்கம் "அ" எழுதச் சொல்லி மறுபக்கம் நூற்றுவீதம். முழங்கால் வலி. வீட்டில் இவர், "பென்ஷனுக்கு இன்னும் எட்டு வருஷம் ஈக்கி ஒங்களுக்கு, இப்பயே முடிச்சிக்கொள்ளப் பார்க்கிறீங்களா" என்று தேங்காய்ப்பூ துருவித் தந்தார். ஹாஷிம் அவ்வளவு பேசுவதே அதிகம்.

பஸ்லினா இன்று முதல்முறையாக யுகேஷ் சேரிடம் போனாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மே 21, புதன்

அழுதுகொண்டு திரும்பி வந்தாள். சேர் ஏசினாரா? இல்லை. அடித்தாரா? இல்லை. கணக்கு வரவில்லையாம். ஒரு பாடவேளை முழுவதும் இருந்தும் வரவில்லையாம்.

மே 28, புதன்

போகமாட்டேன் என்கிறாள். "நான் ரெண்டாம் வகுப்புப் புள்ளகளப் பார்த்துக்கொள்றேன் டீச்சர். நீங்க சத்தம் போட்டு ஒங்கட தொண்ட நோகுதுதானே."

எனக்கு வந்த கோபம்! இவளுக்காகத்தானே இவ்வளவும். கத்திவிட்டேன். வகுப்பே அடங்கிப்போய்ப் பார்த்தது. பிறகு கையைப் பிடித்து நானே கூட்டிக்கொண்டு போனேன், இரண்டு வகுப்பையும் அப்படியே போட்டுவிட்டு.

யுகேஷ் சேர் அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தார். "இவளுக்கு இதுவரைக்கும் ஒரு கணக்கும் பிழைச்சதே இல்ல டீச்சர். வேணும்னு விட்ட பிழைய நான் சேர்க்கல. நெசமாப் பிழைச்சா என்ன செய்யணும்னு தெரியல அவளுக்கு, பயந்து போறா. எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க."

சரி என்றேன். இந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 12, வியாழன்

மாதிரி வினாத்தாளில் பஸ்லினா பழையபடி முதலாவது. ருஷ்தியின் 384 ருஷ்தியிடம் மட்டும்தான் இருக்கிறது. காரணம் தெரிந்தும், என்னுடைய விசேட பயிற்சியால் வந்தது என்றுதான் அதிபர் சொல்லித் திரிகிறார். சித்தி றலியா வழியில் கண்டு, "தண்ணி வேல செஞ்சிட்டு டீச்சர், கொஞ்சம் சுணங்கித்தான் செய்யுமாம்" என்றார். இருவரிடமும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

பூச்சியத்தால் ஏன் வகுக்க முடியாது என்று இன்று சொன்னேன். அவள் பெப்ரவரியில் கேட்டது.

ஜூலை 7, திங்கள்

ஜஹானா வந்துவிட்டாள். இரண்டாம் வகுப்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பலகைக்கு அந்தப் பக்கம் போனது. மத்தியானம் வரை கதிரையில் உட்கார்ந்திருந்தேன். என்ன சுகம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நேற்றுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்தது. கண்டிப் பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த சனமெல்லாம் இன்றும் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறது, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பஸ்லினாவிடம், பேப்பர் எப்படி என்று கேட்டேன்.

"லேசு டீச்சர்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவளுக்குப் பேச ஒன்றும் இல்லை. புதன்கிழமை யுகேஷ் சேர் வருவாரா என்றுதான் கேட்டாள்.

செப்டெம்பர் 4, வியாழன்

பரீட்சை முடிவு வந்தது. பஸ்லினா வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டாள், நல்ல தூரம். மாலைக்குள் கேற்றில் பெனர் கட்டியாயிற்று. அதில் பஸ்லினா சின்னதாக, அதிபர் கொஞ்சம் பெரிதாக. இனிக் கண்டியில் பெரிய பாடசாலைக்கு அனுப்புவதா இல்லையா என்று வாப்பாவும் உம்மாவும் இன்னும் முடிவெடுக்கவில்லை. பெனரின் ஒரு மூலையில் எனக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள்.

செப்டெம்பர் 17, புதன்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு டெங்கு. இரண்டு கிழமையாவது ஆகுமாம்.

காலையில் அதிபர் வாசலில் வந்து நின்றபோதே எனக்குத் தெரியும். "பரீட்சதான் முடிஞ்சே டீச்சர். பஸ்லினா இப்ப சும்மாதானே ஈக்கிறா."

உண்மைதான். பரீட்சைக்குப் பிறகு ஐந்தாம் வகுப்பில் யாரும் எதுவும் படிப்பிப்பதில்லை, எந்தப் பாடசாலையிலும். பிள்ளைகள் வகுப்பைக் கூட்டுவார்கள், சோடிப்பார்கள், ஓடித் திரிவார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பஸ்லினா யுகேஷ் சேர் கொடுத்த கணக்கைக் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டிருந்தாள். எட்டுக்கு எட்டுக் கட்டம், எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டும் வெட்டியெடுத்தாயிற்று. இரண்டு கட்ட நீள அட்டைகளால் மீதி எல்லாவற்றையும் மூட முடியுமா என்பது கேள்வி. அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் பென்சில் நின்றிருந்தது.

"இல்ல சேர், அவவுக்குப் பாடம் ஈக்கி. மூணாம் வகுப்ப இங்க அனுப்புங்க."

அவர் என் முழங்காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு போனார். சற்று நேரத்தில் சின்னதுகள் கதிரைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வராந்தாவில் இடித்து இடித்து வந்து சேர்ந்தன. முன்வரிசையில் ஒன்று வந்ததும் வராததுமாக வாந்தி எடுத்தது. துடைத்தேன். நிமிர்ந்தபோது பஸ்லினாவின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பாடவேளை முடிந்து யுகேஷ் சேரிடமிருந்து வந்தாள். ஏலும் என்று எழுதி, அட்டைகளை அடுக்கிப் படமும் போட்டிருந்தாள்.

"பிழையாம் டீச்சர்."

முகத்தைப் பார்த்தேன். அழுகை இல்லை.

"ஏன் பிழையெண்டு கேட்டியா?"

"சொல்லப் போனார். சொல்ல வேணாமெண்டு சொன்னேன். நாளைக்கு வேற மாதிரிப் போட்டுப் பாக்கிறேன்."

தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் புத்தகப் பையை எடுக்கப் போனாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நானும் பார்த்தேன். எங்கே பிழைத்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரியும். இது ருஷ்தியின் பிழை இல்லை. ஹுதைபாவின் பிழையும் இல்லை, ரிப்காவின் பிழையும் இல்லை. அவளுடையது.