பாதியில் நின்ற தந்தி

அன்பு மகளுக்கு,

இரைச்சல் என்று நான் திட்டிய உன் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகளைத் தையல் கடையில் போட்டுக் கேட்டேன். அதில் பாஞ்சோவின் தந்திகள் ஓடிய வேகத்துக்கு நானும் மெஷினை மிதித்ததில், ஒருவருடைய பேன்ட் பாக்கெட்டின் வாயையே தைத்துத் தொலைத்தேன்!

ஆசை வந்துவிட்டது. அன்று கோபத்தில் பரண்மேல் வீசிய உன் பாஞ்சோவை இறக்கினேன். நான்கு தந்திகள் உச்சிவரை போக, ஐந்தாவது பாதிக் கழுத்திலேயே நின்றது. வீசியதில் நான்தான் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வாத்தியக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ சார், அஞ்சு தந்தி பாஞ்சோன்னாலே இப்படித்தான், அஞ்சாவது குட்டையாத்தான் இருக்கும். ஒண்ணும் உடையல."

போகும் வழியெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்திருந்தேன். அதை வீணாக்க மனமில்லை. எப்போது வருகிறாய்?

பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்
அப்பா