முதல் பத்து இடமும் ஒரு மொட்டையும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஓசூர் பஸ்ஸில் இன்றும் நின்றுகொண்டே வந்தேன். கம்பெனியில் நாள் முழுக்க பிளாஸ்டிக் மூடிகளை அளந்து, கோணலானதை ஒதுக்கிவிட்டு, மாரண்டஹள்ளியில் இறங்கும்போது கால் இரண்டும் மரத்துப்போகின்றன. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது இன்னும் வரவில்லை. என் கல்யாணத்துக்கு முப்பதே நாள்.

சால்ட் லான்டர்ன்ஸ் குழுவின் புது ஆல்பம் வெள்ளிக்கிழமை வருகிறது. ஒன்பது வருடம் கழித்து! பாடகருக்கே அறுபது வயது. பக்கத்து மேசை அருள்ராணிதான் இந்த அமெரிக்க ராக் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவள். அவளே, "கெழவனுங்க இனிமே என்னத்தடி கிழிக்கப் போறானுங்க" என்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு என்னைவிட அவள்தான் பறக்கிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேட்டேன். பதினான்கு பாட்டு. ராயக்கோட்டை வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "வூட்ல எதாச்சும் சண்டையா கண்ணு?" என்று கேட்டார். இல்லீங்க, பாட்டுங்க என்றேன். நம்பவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கம்பெனிக்குப் போகவில்லை.

காலை ஆறு மணிக்கு அருள்ராணியிடமிருந்து செய்தி. அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் இந்த வாரம் முதல் பத்து இடமும் சால்ட் லான்டர்ன்ஸ்! ஒன்றிலிருந்து பத்து வரை வேறு யாருமே இல்லை. எந்த ராக் குழுவும் இதுவரை செய்யாத சாதனையாம். நான்கு முறை படித்தேன். எங்கேயோ தப்பு என்று வேறு இடத்தில் போய்ப் பார்த்தேன். தப்பில்லை. கத்திவிட்டேன்.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயோ. தீர்த்தமலை.

போன மாசியில் அம்மாவும் நானும் தீர்த்தமலைக் கோயிலுக்குப் போயிருந்தோம். எனக்கு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்பது அவள் வேண்டுதல். "நீயும் வாயத் தொறந்து எதாச்சும் வேண்டிக்கடி" என்று படிக்குப் படி நச்சரித்தாள். இருபத்தொன்பது வயதில் சாமி முன்னால் புருஷனுக்குக் கையேந்த எனக்கு எரிச்சலாக இருந்தது. பாறையிலிருந்து கொட்டும் ராமர் தீர்த்தத்தில் நனைந்துகொண்டே சத்தமாகச் சொன்னேன்: "சால்ட் லான்டர்ன்ஸ் அமெரிக்காவுல மொத பத்து எடத்தையும் புடிச்சா, மொட்ட போட்டுக்கறேன் சாமி."

நடக்கவே நடக்காத ஒன்றாகப் பார்த்துச் சொன்னேன். அதுதான் என் புத்திசாலித்தனம்! வேண்டின மாதிரியும் ஆச்சு, கொடுக்கவும் வேண்டாம். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இன்றைக்குக் கரண்டியோடு நின்று கேட்டாள்.

"பத்துமா?"

"பத்தும்தாம்மா."

"உன் முடி போச்சுடி, காவேரி."

ஆகஸ்ட் 20, புதன்

சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கடனை முடிக்க வேண்டுமாம்.

"வெளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"நீ வெளையாடுன. சாமி வெளையாடல."

"சாமிக்கு அமெரிக்காப் பட்டியலெல்லாம் தெரியுமா?"

"தெரியாமத்தான் பத்தையும் குடுத்துச்சா?"

அப்பா சிரித்தார். அம்மா திரும்பிப் பார்த்ததும் தக்காளிக்குத் தண்ணீர் கட்டக் கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாதவராஜுக்குப் போன் செய்து சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர், மொரப்பூரில் கணக்கு வாத்தியார். அவரோ, "அப்ப போட்டோவெல்லாம் எப்படிங்க எடுக்கறது?" என்றார். அதற்கப்புறம், "எங்கம்மா காதுக்குப் போக வேணாங்க."

எனக்கும் மொட்டை போட விருப்பமில்லைதான். ஆனாலும் அவர் கேட்ட முதல் கேள்வி போட்டோவா?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பெரிய சண்டை. அம்மா சொன்னாள்: "கடன வெச்சிக்கிட்டுத் தாலி ஏறக் கூடாது. நாளைக்கு அந்த வூட்ல ஒரு தலவலி வந்தாக்கூட இதத்தான் நெனச்சிக்கிட்டுக் கெடப்பேன்." என் தலை, என் முடி, என் கல்யாணம், உன் பயத்துக்கு நான் ஏன் மொட்டையாக வேண்டும் என்று கத்தினேன். மொட்டைத் தலையோடு மேடையில் நிற்க என்னால் முடியாது. முடியாதுன்னா முடியாது! அம்மா சோற்றை மூடி வைத்தாள். அவளும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மூன்று நாளாக அம்மா அந்தப் பேச்சே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது. ஜாக்கெட் வந்தது. தோள்பட்டை பிடிக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எப்படி எழுதுவது?

அரூரில் நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று விடியும் முன்னே அம்மா கிளம்பிப் போனாள். வெயில் தாழ்ந்துதான் வந்தாள். முந்தானையைத் தலைக்குச் சுற்றியிருந்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். குடித்துவிட்டு முந்தானையை எடுத்தாள்.

மொட்டை. சந்தனம் பூசிய மொட்டை.

திருப்பி வாங்கிய சொம்பு எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை. அது யாரோ, அம்மா இல்லை என்று ஒரு நொடி நினைத்தேன். காது மட்டும் அம்மா காது.

"தீர்த்தமலை ஐயருகிட்ட கேட்டேன். புள்ள வாய் தவறிச் சொல்லிருச்சு, பெத்தவ குடுத்தா ஆவுமாங்கன்னு. ஆவும்னாரு." இதைச் சொல்லிவிட்டு, "அரிசி ஊறப் போட்டியா?" என்று கேட்டாள்.

நாலே நாளில் பெண்ணுக்குத் தாயாக மேடை ஏற வேண்டியவள்! ஏம்மா, ஏம்மா இப்டிப் பண்ணுன என்று காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "வளரும் வுடு. தேங்காயா, ஒடச்சா ஒட்டாம போறதுக்கு?" என்றாள். மொட்டை அடித்த கத்தி எங்கேயோ பட்டு, காதுக்குப் பின்னால் சின்ன வெட்டு. மஞ்சள் வைத்துவிட்டேன்.

நான் என்ன மகள்?

செப்டம்பர் 3, புதன்

நாளைக்குக் கல்யாணம். மாமியார் என்ன கேட்பாரோ.

செப்டம்பர் 7, ஞாயிறு

மறுவீட்டுக்கு வந்திருக்கிறோம். நாலு நாளுக்கு அப்புறம் பேனா பிடிக்கிறேன்.

கல்யாண மண்டபமே அம்மா தலையைத்தான் பார்த்தது. மாமியார் ராணியம்மாள் நேராக வந்து, "என்னங்க சம்மந்தி இது?" என்றார். "வேண்டுதலுங்க. புள்ள கேட்டது நடந்துருச்சு" என்றாள் அம்மா. அவ்வளவுதான். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மகன் மாப்பிள்ளையாகக் கிடைத்ததற்குத்தான் அந்த மொட்டை என்று பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்த மாதவராஜ் சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போட்டோக்காரர், "அம்மா கொஞ்சம் ஓரமா நிக்கட்டுங்களா" என்றபோது, "நடுவுல நிக்கட்டுங்க" என்று மாதவராஜ்தான் சொன்னார். அதற்காக அவரை மன்னித்தேன்.

இன்றைக்குச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். அம்மா அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டப் போடு."

"எதும்மா?"

"என் முடிய வாங்குனது."

முதல் இடத்துப் பாட்டைப் போட்டேன். கிட்டார் அலறியது. அம்மா கண்ணை மூடி, மொட்டையைத் தடவிக்கொண்டே முழுதும் கேட்டாள். முடிந்ததும் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்காடி?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. போனை எடுத்து வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. இன்னும் ஒம்போது இருக்குதில்ல?"