ஞானஸ்நானப் பதிவேட்டில் இல்லாத வரி

காரைக்குடி
12.6.94

அன்புள்ள ஷீலா அக்காவுக்கு,

இங்கு யாவரும் சுகம். உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வேண்டுமென்று கேட்ட குடும்ப வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று சனிக்கிழமைகள் கோயில் அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினேன். உபதேசியார் உபகாரசாமி, "எதுக்கு இம்புட்டுத் தேடுறீக? சொத்து வழக்கா?" என்றார். "இல்லை, குடும்ப வியாதி" என்றேன். "அப்ப எனக்குப் பங்கே வேணாம்னுல்ல எல்லாரும் சொல்லுவாக!" என்று சிரித்தார்.

நீங்கள் சொன்னபடி ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம், நோய் கண்டவர்களுக்குக் கறுப்பு மை. தாத்தா, அவர் தம்பி, பிறகு என் பெரியம்மா, உங்கள் அம்மா. பெரியம்மாவின் வட்டத்தை நிரப்பும்போது கை நின்றுவிட்டது. அவர் கையிலிருந்து தட்டு நழுவும், தோள் தானாகத் துள்ளும். கோயிலில் பெண்கள் தள்ளி உட்காருவார்கள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று நான் அவரைப் போலவே நடந்து காட்டினேன். நீங்கள் அறைந்தீர்கள். பெரியம்மா மட்டும், "இன்னொரு தடவ நடடி, பாப்போம்" என்று சிரித்தார்.

என் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்றும் ஊசியில் நூல் கோக்கிறார். அம்மாவுக்கு இல்லையென்றால் எனக்கும் வராது என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று தெரிந்தும் என் வெள்ளை வட்டத்தைப் பார்த்து நிம்மதி அடைந்தேன். வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தையில் கல்யாணம் அல்லவா.

அன்புடன்,
அனிதா


பெங்களூர்
24.6.94

என் அனிதா,

வரைபடம் அழகாக இருக்கிறது. ஒரு கோடு மட்டும் இடம் மாறியிருக்கிறது. உன் வட்டம் என் பக்கத்தில், என் அம்மாவுக்குக் கீழே வர வேண்டும்.

நீ பிறந்தபோதே அம்மாவின் கைகள் ஆடத் தொடங்கிவிட்டன. உன்னைக் கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து, பிள்ளையில்லாத தங்கையிடம் கொடுத்தார். பதிவேட்டில் தாய் என்று சித்தியின் பெயரை எழுதச் சொன்னதும் அம்மாதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இந்த வியாதிக்கான மரபணுவைச் சென்ற ஆண்டு வெளிநாட்டில் கண்டுபிடித்தபோதுகூட வாய் திறக்கவில்லை. உனக்கும் பாதிக்குப் பாதிதான் என்பதைக் கல்யாணத்துக்கு முன் மறைக்க முடியாது; சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று உன்னை அறைந்தது அம்மாவைக் கேலி செய்ததற்காக அல்ல. அந்த நடை உனக்கு அவ்வளவு இயல்பாக வந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

இப்போது இரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஊராருடையதை எல்லாம் பார்க்கிறேன். என்னுடையதை இன்னும் பார்க்கவில்லை, தைரியமில்லை.

ஷீலா


காரைக்குடி
16.7.94

அன்புள்ள ஷீலா அக்காவுக்கு,

எழுத உட்கார்ந்தபோது உங்களை எப்படி அழைப்பது என்று யோசித்தேன். பெரியம்மா மகளும் அக்காதான், கூடப்பிறந்தவளும் அக்காதான். மாற்ற ஒன்றுமில்லை.

அம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "இனி என்னைய என்னன்னு கூப்பிடுவ?" என்றார். "பசிக்குதும்மா, சோத்தப் போடுங்க" என்றேன். அடுப்படியில் நின்று அழுதார்.

என்னைக் கட்டிக்கொள்ளவிருக்கும் சகாய ஆண்டனியிடம் நானே சொன்னேன். "டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்லுங்க, அப்பறம் பாப்போம்" என்றார். "எடுக்கலைன்னா?" என்றேன். சைக்கிள் பூட்டைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. தை மாதம் நிச்சயமில்லை, அவ்வளவுதான்.

வரைபடத்தைத் திருத்தி அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை அங்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கு என் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். என்ன வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். ஆண்டனி கேட்டாலும் சொல்ல வேண்டாம். என்றாவது எனக்கே கேட்கத் தோன்றினால், அன்று நீங்களும் உங்களுடையதைப் பார்க்க வேண்டும். உங்களை விட்டுவிட்டு நான் மட்டும் தெரிந்துகொள்ள மாட்டேன்.

அனிதா