தாளில் ஒன்று, கணினியில் ஒன்று

செவ்வாய், வெள்ளவத்தை.

தங்கச்சி ஒரே கேள்விக்கு இரண்டு பதில் கொடுத்திருக்கிறாள். கொட்டாஞ்சேனை கிளினிக் டொக்டர் இன்று அவளையும் வைத்துக்கொண்டு இரண்டையும் எனக்குக் காட்டினார். சாக வேண்டும் போல் தோன்றுகிறதா என்பது கேள்வி. வீட்டில் நிரப்பிக் கொண்டுபோன தாளில் 'இல்லை'. அங்கே கணினியில் 'ஒவ்வொரு நாளும்'.

வீடு வந்ததும் கேட்டேன். "ஏன் பிள்ளை, தாளில மறைச்சனீ?"

"செக்பொயின்றில பையைக் கிண்டுவாங்கள் அண்ணை. எழுத்தில ஒண்டும் வைக்காதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். பேப்பரில எழுதுறவரே சொன்னால் கேக்கத்தானே வேணும்." சிரித்தாள்.

உண்மைதான். அவள் மகனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போன அன்று, அவன் கடிதங்களை எரிக்கச் சொன்னவன் நான். எரித்தாள். அதன்பின் என்னிடமும் ஒன்றும் சொன்னதில்லை.

வியாழன் காலை டொக்டர் அவளோடு தனியே கதைத்து, மேற்கொண்டு செய்வதைச் சொல்வார். நடுவில் நாளை ஒரு முழு நாள் இருக்கிறது. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன்.